வீட்டில் கட்டும் விமானத்துக்கு எஞ்சின் கேபிள்: எதை வாங்குவது, எந்த வழியில் கொண்டுபோவது

லைகமிங் ஓ-320 எஞ்சின் வைத்த இரண்டு இருக்கை விமானத்தைத் தன் கராஜிலேயே கட்டுகிற ஒருவர், இறக்கையையும் உடலையும் ரிவெட் அடித்து முடித்து, எஞ்சினைத் தூக்கி மாட்டி, இனிப் பெரிய வேலை பாக்கி இல்லை என்று நிமிர்கிற நேரத்தில்தான் கட்டுப்பாட்டுக் கேபிள்களைப் பற்றிய யோசனை வருகிறது. எஞ்சினின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலுக்கு ஒன்று, எரிபொருள் கலவைக்கு ஒன்று, கார்புரேட்டருக்குச் சூடான காற்று விடுவதற்கு ஒன்று, பிட்ச் (இலைகளின் கோணம்) மாறும் ப்ரொப்பெல்லராக இருந்தால் அதன் சுழற்சி வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னருக்கு ஒன்று, உட்காரும் இடத்தைச் சூடாக்க ஒன்று என்று நான்கைந்து கேபிள்கள் தேவைப்படும். விமானத்தின் மொத்தச் செலவோடு பார்த்தால் இவை கணக்கிலேயே சேராது. ஆனால் காற்றில் ஏறிய பிறகு எஞ்சினின் சக்தியைக் கூட்டவும் குறைக்கவும் விமானியின் கையில் இருப்பவை இவை மட்டும்தான்.

அமெரிக்காவின் விமானத்துறை நிர்வாகமான எஃப்ஏஏ, ஒரு விமானத்தின் பெரும்பகுதியைக் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ தனிமனிதர்களே கட்டியிருந்தால் அதைச் சோதனை வகையில் பதிவுசெய்ய அனுமதிக்கிறது. கட்டுகிறவர்கள் இதை 51 சதவீத விதி என்றே சொல்வார்கள். இந்த வகையில் சான்றிதழ் பெற்ற பாகத்தைத்தான் போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே விமானப் பாகக் கடையில் விற்கும் கேபிளையும் போடலாம், படகுக்கு விற்கும் கேபிளையும் போடலாம், மோட்டார் சைக்கிள் கேபிளைக்கூடப் போடலாம். தடுக்க யாரும் இல்லாததால்தான் தேர்வு கடினமாகிறது.

பெரும்பாலோர் முதலில் கேபிளை வாங்கிவிட்டு, பிறகு அதைக் கொண்டுபோக வழி தேடுகிறார்கள். என் அனுபவத்தில் இது தலைகீழான வரிசை. கேபிள் எந்த வழியாகப் போகிறது, எத்தனை முறை வளைகிறது, அதன் உறையின் இரு முனைகளும் எதோடு பிடிக்கப்படுகின்றன என்ற மூன்றையும் முதலில் முடிவு செய்துவிட்டால், எந்த வகைக் கேபிள் வேண்டும் என்பதில் பாதிக்கு மேல் தானே முடிவாகிவிடும். நல்ல கேபிளை மோசமான வழியில் கொண்டுபோனால் கிடைப்பது மோசமான கட்டுப்பாடு; சுமாரான கேபிள் நல்ல வழியில் போனால் பல ஆண்டுகள் தொந்தரவு இல்லாமல் ஓடும்.

வளைவு என்ன செய்கிறது

இந்தக் கேபிள்கள் எல்லாம் 1896இல் எர்னஸ்ட் பௌடன் காப்புரிமை பெற்ற அமைப்பின் வழிவந்தவை. சைக்கிள் பிரேக் கேபிளைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை: வளையக்கூடிய ஓர் உறை, அதற்குள் நகரும் ஒரு கம்பி. பலரும் மறந்துவிடுவது, உள்கம்பியை எவ்வளவு விசையோடு இழுக்கிறோமோ அதே அளவு விசை உறையை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது என்பதை. உறையின் முனை அசையாமல் பிடிக்கப்படாவிட்டால், நாம் கைப்பிடியை இழுக்கும்போது கார்புரேட்டரின் கை (த்ராட்டிலைத் திறந்து மூடும் சிறு நெம்புகோல்) நகர்வதற்குப் பதிலாக உறைதான் நெளிந்து கொடுக்கும்.

உராய்வுக்கு வருவோம். கேபிள் பெரிய வட்டமாக வளைந்தால் உராய்வு குறையும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. கணக்கு வேறு மாதிரிச் சொல்கிறது. உருளையில் சுற்றிய கயிற்றைப் போலவே, கேபிளின் உராய்வும் மொத்தத்தில் எத்தனை டிகிரி வளைகிறது என்பதைப் பொறுத்துப் பெருகுகிறதே தவிர, வளைவின் ஆரத்தைப் பொறுத்து அல்ல. உராய்வுக் கெழு 0.12 என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 90 டிகிரி வளையும் கேபிளில் மறுமுனையில் தேவைப்படும் விசையைப் போல 1.21 மடங்கு கையால் கொடுக்க வேண்டும். 180 டிகிரியில் அது 1.46 மடங்கு, 360 டிகிரியில் 2.13 மடங்கு. கூட்டிப் பார்க்கும்போது இடப்பக்க வளைவும் வலப்பக்க வளைவும் ஒன்றையொன்று கழித்துக்கொள்வதில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். எஸ் வடிவில் நெளிந்து போகும் கேபிள் பார்க்க அழகாக இருக்கும். கைக்குக் கனமாக இருக்கும்.

உராய்வைவிட எனக்குத் தொல்லையாகத் தோன்றுவது வீண் அசைவு. உள்கம்பிக்கும் உறைக்கும் இடையே கொஞ்சம் இடைவெளி இல்லாமல் கம்பி நகராது. இழுக்கும்போது கம்பி வளைவின் உட்பக்கச் சுவரை ஒட்டிக்கொள்கிறது. தள்ளும்போது வெளிப்பக்கச் சுவரை ஒட்டிக்கொள்கிறது. இந்த இரண்டு பாதைகளின் நீள வித்தியாசம், இடைவெளியை ரேடியனில் சொன்ன மொத்த வளைவால் பெருக்கினால் கிடைக்கும். இடைவெளி அரை மில்லிமீட்டர், மொத்த வளைவு 270 டிகிரி என்றால், கைப்பிடி கிட்டத்தட்ட 2.4 மில்லிமீட்டர் நகர்ந்த பிறகுதான் மறுமுனை அசையத் தொடங்கும். அதே கேபிள் 90 டிகிரி மட்டும் வளைந்தால் இழப்பு 0.8 மில்லிமீட்டர்தான். முழு த்ராட்டிலில் இது தெரியாது. தரையில் ஐடிலில், அதாவது எஞ்சின் மிகக் குறைந்த வேகத்தில் ஓடும் நிலையில், வைக்க முயலும்போதும், உயரத்தில் கலவையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும்போதும் நன்றாகவே தெரியும்.

அப்படியானால் ஆரம் முக்கியமில்லையா என்றால், முக்கியம்தான், வேறொரு காரணத்துக்காக. குறைந்தபட்ச ஆரத்துக்குக் கீழே வளைத்தால் உறையின் சுருள் விரிந்துகொடுக்கும், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் குழாய் நசுங்கும். தயாரிப்பாளர் சொல்லும் எண் எதுவோ அதுவே கீழ் எல்லை; நான் எந்தக் கேபிளையும் 6 அங்குல ஆரத்துக்குக் குறைத்து வளைப்பதில்லை என்று எனக்கு நானே ஒரு விதி வைத்திருக்கிறேன்.

நான்கு வகைகள்

முதல் வகை, சுருள் உறைக்குள் ஒற்றைக் கம்பி. விலை குறைவு, எடை குறைவு, வேண்டிய நீளத்துக்கு நாமே வெட்டிக்கொள்ளலாம். கம்பியின் முனையில் ஒரு திருகுப் பிடிப்பு வைத்து நெம்புகோலோடு சேர்ப்பதோடு வேலை முடிந்தது. இதன் பலவீனமும் அந்த முனையில்தான் இருக்கிறது: நெம்புகோல் சுழலும்போது அந்தப் பிடிப்பும் தன் அச்சில் தாராளமாகச் சுழலாவிட்டால், ஒவ்வொரு முறையும் கம்பி ஒரே இடத்தில் மடங்கி நிமிர்ந்து, ஒருநாள் அங்கேயே முறிந்துவிடும். தள்ளும் விசையையும் இது அதிகம் தாங்காது. உறைக்கு வெளியே நீண்டிருக்கும் கம்பி வில்லாக வளையும். சூடான காற்றுக் கதவுக்கும் இருக்கைப் பகுதியைச் சூடாக்கும் கதவுக்கும் இது போதும், அங்கே இதற்கு மேல் செலவு செய்வதில் பொருளில்லை. த்ராட்டிலுக்கும் கலவைக்கும் இதை நான் போட மாட்டேன்.

இரண்டாவது, தள்ளவும் இழுக்கவும் கூடிய கனமான கேபிள். இதன் உறையில் நீளவாட்டில் எஃகுக் கம்பிகள் நெருக்கமாக ஓடுகின்றன. அதனால் உறை சுருங்காமல் விசையைத் தாங்குகிறது. உள்ளே டெஃப்ளான் போன்ற வழுக்கும் குழாய், அதற்குள் பல இழை முறுக்கிய கம்பி. இரு முனைகளிலும் விறைப்பான தண்டு, அதன் நுனியில் பெரும்பாலும் 10-32 என்ற அமெரிக்க அளவு மரை. அந்த மரையில் ராட் எண்ட் எனப்படும் குண்டு மூட்டைத் திருகினால், நெம்புகோலின் சுழற்சியைக் குண்டு வாங்கிக்கொள்ளும், கம்பி மடங்காது. அமெரிக்காவில் கேன்ஸஸ் மாநிலத்தின் மக்ஃபார்லேன் நிறுவனம், ஏசிஎஸ் போன்றவர்கள் விமானத்துக்கென்றே இதைச் செய்கிறார்கள். த்ராட்டில், கலவை, கவர்னர் மூன்றுக்கும் என் தேர்வு இதுதான்.

இதற்குள்ளேயே இன்னொரு கேள்வி எழும்: இதே அமைப்பில், இதே 10-32 மரையோடு, 3 அங்குல ஓட்டத்தோடு படகு எஞ்சினுக்கான கேபிள் விலை குறைவாகக் கிடைக்கிறதே, அதைப் போட்டால் என்ன? இயந்திர அமைப்பில் பெரிய குறை சொல்ல முடியாது, உப்புத் தண்ணீரில் வாழப் பிறந்தது என்பதால் துருவையும் நன்றாகத் தாங்கும். கேட்க வேண்டியது அதன் உள்குழாயும் மேலுறையும் எந்தப் பிளாஸ்டிக் என்பதைத்தான். டெஃப்ளான் 327 டிகிரி செல்சியஸில் உருகும். நைலான் 66 சுமார் 260இல். டெல்ரின் சுமார் 175இல். பாலிஎத்திலீன் 130ஐத் தொடும் முன்பே இளகிவிடும். படகில் கேபிள் எக்ஸாஸ்ட் குழாய்க்கு ஒரு சாண் தூரத்தில் அடைபட்டுக் கிடப்பதில்லை. விற்பவரால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாவிட்டால், அந்தக் கேபிள் ஃபயர்வாலுக்கு (எஞ்சினையும் விமானியையும் பிரிக்கும் தகடு) முன்னால் போக வேண்டியதில்லை.

மூன்றாவது, இழுக்க மட்டும் தெரிந்த மெல்லிய கேபிளும் அதற்கு எதிராக ஒரு ஸ்பிரிங்கும். ரோட்டாக்ஸ் 912 எஞ்சின் வைத்த விமானங்களில் இதுதான் வழக்கம். அதன் இரண்டு பிங் நிறுவனக் கார்புரேட்டர்களிலும் த்ராட்டிலைத் திறந்து வைப்பது ஸ்பிரிங்; மூடுவதுதான் கேபிளின் வேலை. மோட்டார் சைக்கிளில் ஆக்ஸிலரேட்டர் கேபிள் அறுந்தால் எஞ்சின் அடங்கிவிடும், விமானத்தில் அது கூடாது என்பதால் ஏற்பாடு அப்படியே திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது. கேபிள் எப்போதும் இழுவிசையிலேயே இருப்பதால் மேலே சொன்ன வீண் அசைவு இதில் அறவே இல்லை, அது ஒரு பெரிய லாபம். நஷ்டம் என்னவென்றால், ஸ்பிரிங் ஓயாமல் இழுத்துக்கொண்டிருப்பதால், கைப்பிடியில் நல்ல உராய்வுப் பூட்டு இல்லாவிட்டால் விமானி கையை எடுத்ததும் த்ராட்டில் தானாக முன்னேறும். மேலும் இரண்டு கேபிள்களும் ஒரே அளவு நகர வேண்டும். ஒன்று அதிகம் வளைந்து இன்னொன்று நேராகப் போனால் கார்புரேட்டர்கள் இரண்டும் ஒத்துப்போகாமல் எஞ்சின் குலுங்கும். ரோட்டாக்ஸ் வைத்திருப்பவர் இதை மாற்ற முயல வேண்டாம். லைகமிங் வைத்திருப்பவர் இதைத் தேடிப் போக வேண்டாம்.

நான்காவது வகையான விறைப்புத் தண்டும், அசைவின் திசையைத் திருப்பும் மணிநெம்புகோலும் பழைய விமானங்களில் உண்டு. துல்லியமானது, வெப்பத்துக்கு அஞ்சாதது. ஆனால் ரப்பர் தாங்கிகளின் மேல் எஞ்சின் ஆடும் ஒவ்வொரு ஆட்டமும் நேராகத் தண்டுக்குள் வந்துவிடும். அந்த வடிவியலைத் தீர்க்கும் பொறுமை உள்ளவர் அதைச் செய்யலாம், எனக்கு இல்லை.

எஞ்சின் ஆடும், சுவர் ஆடாது

வழி அமைப்பதில் நான் மிக அதிகம் பார்த்த தவறு இதுதான். ஒருவருடைய விமானத்தில் ஐடில் வேகம் ஒரே இடத்தில் நிற்காமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள், காற்றுக் கசிவு தேடினார்கள், ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் எஞ்சினின் மூடியான கௌலிங்கைக் கழற்றிவிட்டு, தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னட்டோவை அணைத்துப் பாதுகாப்பு உறுதி செய்தபின், ஒருவர் எஞ்சினைக் கையால் பக்கவாட்டில் அசைக்க, இன்னொருவர் கீழே படுத்துக்கொண்டு த்ராட்டில் கையைப் பார்த்தார். கைப்பிடியை யாரும் தொடவே இல்லை. த்ராட்டில் கை மட்டும் முன்னும் பின்னும் போய்வந்துகொண்டிருந்தது. த்ராட்டில் கேபிளின் உறை, எஞ்சினைத் தாங்கும் எஃகுக் குழாய்ச் சட்டத்தில் ஒரு கிளாம்பால் பிடிக்கப்பட்டிருந்தது. சட்டம் விமானத்தோடு சேர்ந்தது, கார்புரேட்டர் எஞ்சினோடு சேர்ந்தது, நடுவில் ரப்பர். எஞ்சின் ஆடிய ஒவ்வொரு முறையும் அது தன் த்ராட்டிலைத் தானே திறந்து மூடிக்கொண்டிருந்தது.

ஆகவே எஞ்சின் பக்க முனையில் உறையைப் பிடிக்கும் பிராக்கெட், எஞ்சினிலேயே, முடிந்தால் கார்புரேட்டரை அல்லது எண்ணெய்த் தொட்டியைப் பிடிக்கும் போல்ட்டிலேயே பொருத்தப்பட வேண்டும். அப்போது எஞ்சின் எப்படி ஆடினாலும் உறையும் நெம்புகோலும் ஒன்றாகவே ஆடும். ஃபயர்வாலிலிருந்து அந்தப் பிராக்கெட் வரைக்கும் உள்ள பகுதியில் கேபிள் தளர்வாக, ஒரு மென்மையான வளைவோடு போக வேண்டும். எஞ்சின் கிளம்பும்போதும் நிற்கும்போதும் போடும் பெரிய உதறலை அந்த வளைவுதான் வாங்கிக்கொள்ளும். இங்கே நேராக இழுத்துக் கட்டிய கேபிளைவிட, கொஞ்சம் தொங்கலாக விட்ட கேபிளே சரியானது. பிராக்கெட்டின் தகடு மெல்லியதாக இருந்தாலும் பிரச்சினைதான்: முழுச் சக்திக்குத் தள்ளும்போது பிராக்கெட் வளைந்துகொடுத்தால், கார்புரேட்டரின் கை நிறுத்தத்தைத் தொடுவதற்கு முன்பே கைப்பிடி முழுதும் உள்ளே போய்விடும்.

பிராக்கெட்டை எங்கே வைப்பது என்பதில் ஒரு சிறு கணக்கு உண்டு. த்ராட்டில் கையின் நீளம் 2 அங்குலம், அது 90 டிகிரி சுழல்கிறது என்று கொண்டால், கேபிள் 2.83 அங்குலம் ஓட வேண்டும். 3 அங்குல ஓட்டமுள்ள கேபிள் மட்டுமட்டாகப் போதும். அந்தச் சுழற்சியில் நுனி ஒரு வில்லில் போவதால், மேலும் கீழுமாக 0.59 அங்குலம் நகரும். உறையின் முனையில் உள்ள சுழல் மூட்டு ஒரு பக்கத்துக்குச் சுமார் 8 டிகிரிதான் சாயும். மூட்டுக்கும் நெம்புகோலின் ஊசிக்கும் இடையே தூரம் மிகக் குறையும் நிலையில் 4 அங்குலம் என்று வையுங்கள். வில்லின் உச்சிக்கு நேராக மூட்டை வைத்தால் முனையில் சாய்வு 8.3 டிகிரி, அதாவது மூட்டு இடித்துக்கொண்டு தண்டை வளைக்கத் தொடங்கும். உச்சிக்கும் முனைக்கும் நடுவில் வைத்தால் இரு பக்கமும் 4.2 டிகிரி மட்டுமே. பிராக்கெட்டில் ஓட்டையைச் சுமார் 0.3 அங்குலம் தள்ளிப் போடுவதற்கு ஒரு காசும் செலவில்லை. போட்ட பிறகு மாற்றுவதற்குப் புதுப் பிராக்கெட்டே செய்ய வேண்டும்.

ஃபயர்வாலைத் தாண்டுவது

ஃபயர்வால் என்பது எஞ்சின் பக்கம் தீப்பிடித்தால் விமானியைக் காக்கும் தகடு. சான்றிதழ் விமானங்களுக்கான பழைய அமெரிக்க விதி 0.015 அங்குல ஸ்டெயின்லெஸ் எஃகை ஏற்றுக்கொள்கிறது. வேறு பொருள் என்றால் சுமார் 2000 ஃபாரன்ஹீட், அதாவது 1093 செல்சியஸ் சுடரை 15 நிமிடம் தாங்கிக் காட்ட வேண்டும். வீட்டில் கட்டும் விமானத்தை இந்த விதி கட்டுப்படுத்தாது என்றாலும், தீக்கு அது தெரியாது. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். எஃகுத் தகட்டில் ஓட்டை போட்டு அதில் அலுமினியக் கண்விழி மூட்டையோ (கண்விழிபோல் எந்தப் பக்கமும் திரும்பும் மூட்டு) ரப்பர் வளையத்தையோ மட்டும் வைத்தால், தகடு நிற்கும், ஓட்டை திறந்துகொள்ளும்.

இங்கே தேர்வு மூன்றுக்குள் இருக்கிறது. எஃகினால் ஆன கண்விழி மூட்டு, கேபிள் சாய்வாக நுழையும்போது அந்தக் கோணத்திலேயே பிடித்துக்கொள்கிறது. விலை அதிகம், ஆனால் வளைவில் 20, 30 டிகிரியை மிச்சப்படுத்தித் தருகிறது, முன்பு சொன்ன கணக்கில் அது சும்மா வருவதல்ல. இரண்டாவது, உறையிலேயே மரை வைத்து நட்டால் சுவரில் இறுக்கும் கேபிள். மிக இறுக்கமான மூடல், ஆனால் சுவருக்குச் செங்குத்தாக மட்டுமே போகும். மூன்றாவது, ரப்பர் வளையத்தின் மேல் இரு பாதியாக வரும் எஃகு மூடியும் தீத்தடுப்புப் பசையும். மலிவானது, செய்நேர்த்தியைப் பொறுத்தது. த்ராட்டிலுக்கும் கலவைக்கும் நான் கண்விழி மூட்டை எடுத்தேன். ஒற்றைக் கம்பிக் கேபிள்களுக்கு மூன்றாவதே போதுமானது. எதைத் தேர்ந்தாலும் ஓட்டையைப் புகை புகாதபடி அடைப்பது அவசியம், ஏனென்றால் தீ வராத நாளிலும் கார்பன் மோனாக்ஸைடு அந்த வழியாக உள்ளே வரும்.

சுவருக்கு முன்னால் கேபிளின் பெரிய எதிரி எக்ஸாஸ்ட் குழாய். ஓ-320இல் கார்புரேட்டர் எண்ணெய்த் தொட்டிக்கு அடியில் தொங்குவதால், அதை நோக்கி வரும் கேபிள்கள் எக்ஸாஸ்ட் குழாய்களின் பக்கத்தைக் கடந்துதான் ஆக வேண்டும். அங்கே ஓர் அங்குலம் விலக்குவது, பிறகு எத்தனை தீயுறை சுற்றினாலும் கிடைக்காத பாதுகாப்பு. விலக்க இடமே இல்லாதபோது குழாயின் மேல் ஒரு சிறு எஃகுத் தடுப்புத் தகட்டைப் பிடித்துவிடலாம். எஞ்சின் தாங்கும் சட்டத்தின் குழாயைக் கேபிள் உரசவே கூடாது. சட்டக் குழாயின் சுவர் பல இடங்களில் 0.035 அங்குலம்தான், அதன்மேல் ஆடிக்கொண்டே இருக்கும் கேபிள் ரம்பமாக வேலை செய்யும். பெட்ரோல் குழாயோடு சேர்த்துக் கட்டுவதும், எஞ்சின் அறைக்குள் நைலான் பட்டையால் கட்டுவதும் வேண்டாம். ரப்பர் மெத்தை வைத்த அடெல் கிளாம்ப்தான் இங்கே சரி.

தண்ணீரையும் மறந்துவிடக் கூடாது. வெட்டவெளியில் நிறுத்திய விமானத்தில், மேல் நோக்கித் திறந்த உறை முனைக்குள் மழைநீர் இறங்கி, கேபிளின் தாழ்ந்த இடத்தில் தங்கும். ஆயிரம் அடிக்குச் சுமார் 2 டிகிரி வீதம் குளிரும் காற்றில் ஏறும்போது அது உறைந்து கம்பியைப் பிடித்துக்கொள்ளும். ரப்பர் மூடி உள்ள முனைகளைத் தேர்ந்தெடுங்கள். உள்குழாய் உள்ள கேபிளுக்குள் எண்ணெய் விட வேண்டாம். தூசியைச் சேர்ப்பதுதான் மிச்சம்.

கைப்பிடி: குமிழா, லீவரா

இதில் தகராறுகள் அதிகம், விஷயம் குறைவு. தள்ளி இழுக்கும் குமிழ் பலகையில் நேராகப் பொருந்தும், எடை குறைவு. வெர்னியர் குமிழில் நடுப்பொத்தானை அழுத்தி வேகமாகவும், திருகி நுணுக்கமாகவும் நகர்த்தலாம். கலவைக்கும் ப்ரொப்பெல்லருக்கும் அது அருமையானது, த்ராட்டிலுக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. லீவர் பெட்டி கைக்கு இதமானது, ஆனால் கேபிள் கீழ்நோக்கிக் கிளம்புவதால் ஃபயர்வாலுக்கு வர ஒரு வளைவு கூடலாம். வாங்குமுன் அந்த டிகிரியை எண்ணிப் பாருங்கள். எதுவானாலும் இடமிருந்து வலமாக த்ராட்டில், ப்ரொப்பெல்லர், கலவை என்ற வரிசையையும், கறுப்பு, நீலம், சிவப்பு என்ற நிறங்களையும், முன்னே தள்ளினால் சக்தி, வேகம், செறிவு கூடும் என்ற திசையையும் மாற்றாதீர்கள். கலவைக் குமிழை நம்மவர் ஒருவர் ‘மிக்சர்’ என்றே சொல்வார். தின்னும் மிக்சராக நினைத்தாவது அதைத் தவறாக இழுக்காமல் இருந்தால் சரி, ஏனென்றால் அதை முழுதும் இழுத்தால் எஞ்சின் நின்றுவிடும்.

அறுந்தால் எந்தப் பக்கம் போகும்

சான்றிதழ் பெறும் ஒற்றை எஞ்சின் விமானங்களுக்கான பழைய அமெரிக்க விதி, கட்டுப்பாடு கார்புரேட்டர் முனையில் கழன்றுவிட்டாலும் விமானம் தொடர்ந்து பறந்து பத்திரமாக இறங்க முடிய வேண்டும் என்று எதிர்பார்த்தது. கவர்னரில் இது பெரும்பாலும் உள்ளேயே இருக்கிறது: கேபிள் போனால் அதன் ஸ்பிரிங் அதிகச் சுழற்சிப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தும். த்ராட்டில் கைக்கும் கலவைக் கைக்கும் ஸ்பிரிங் வைப்பதா வேண்டாமா என்பதைக் கட்டுகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

வைக்க வேண்டாம் என்பவர்களின் வாதம் வலுவற்றது அல்ல. ஸ்பிரிங் என்பது உடையக்கூடிய இன்னொரு பாகம். கைப்பிடியின் உராய்வை எதிர்த்து எப்போதும் இழுக்கும். தரையில் ஊர்ந்துபோகும்போது கேபிள் கழன்றால் எஞ்சின் முழுச் சக்திக்கு எகிறும். ஆனால் தரையில் எகிறும் எஞ்சினைக் கலவையை இழுத்தோ மேக்னட்டோவை அணைத்தோ ஒரு நொடியில் நிறுத்திவிடலாம். காட்டுக்கு மேல் 800 அடியில் ஐடிலுக்குப் போய்விட்ட எஞ்சினை ஒன்றும் செய்ய முடியாது. அதனால் த்ராட்டில் திறக்கும் பக்கமும் கலவை செறிவாகும் பக்கமும் இழுக்கும் ஸ்பிரிங்குகளை நான் வைக்கிறேன். அதிர்வில் கையை மூட விடாத அளவுக்குப் போதும், உராய்வுப் பூட்டை வெல்லும் அளவுக்கு வேண்டாம்.

கேபிள் அறுவதைவிட முனை கழல்வதுதான் அதிகம் நடக்கக்கூடியது என்பதால், அந்த முனையில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். சுழலும் மூட்டில் வெறும் நைலான் பூட்டு நட் மட்டும் போடக் கூடாது. துளையிட்ட போல்ட், காசில் நட் (மேல் விளிம்பில் வெட்டுகள் உள்ள நட்), அது கழலாதபடி குறுக்கே செருகும் காட்டர் பின் மூன்றும் வேண்டும். ராட் எண்டின் குண்டு தேய்ந்து வெளியே வந்துவிட்டாலும் கேபிள் நெம்புகோலை விட்டுப் போகாதபடி, அதன் வெளிப்பக்கம் குண்டின் கூட்டைவிட அகலமான வாஷர் ஒன்றைப் போடுங்கள். அந்த வாஷரின் விலை சில காசுகள்.

நீளம் எடுப்பது

முதல் த்ராட்டில் கேபிளுக்கு நான் சணல் கயிற்றால் அளவெடுத்தேன். வந்த கேபிள் 3 அங்குலம் குட்டையாக இருந்தது. கயிறு மூலைகளில் குறுக்கே போகும், 6 அங்குல ஆரத்தை மதிக்காது என்பது அப்புறம்தான் உறைத்தது. இரண்டாவது முறை, கேபிளின் தடிமனே உள்ள விறைப்பான பிளாஸ்டிக் குழாயை வாங்கி, கண்விழி மூட்டு வழியாகச் செலுத்தி, எல்லாக் கிளாம்புகளையும் தற்காலிகமாகப் பிடித்து, த்ராட்டில் கையைப் பாதி திறந்த நிலையில் நிறுத்தி, கைப்பிடியையும் பாதியில் வைத்து அளந்தேன். அந்தக் குழாயை மாட்டியபடியே விட்டு, எஞ்சினை இரு பக்கமும் ஆட்டி, ஃபயர்வாலுக்கும் பிராக்கெட்டுக்கும் இடையே தளர்ச்சி போதுமா என்றும் பார்த்தேன். அதோடு அரை அங்குலம் கூட்டி ஆர்டர் செய்தது சரியாக வந்தது. கூடுதல் நீளத்தை ஒரு வளையமாகச் சுற்றி ஒளித்துவிடலாம் என்று யாராவது சொன்னால், அந்த வளையம் 360 டிகிரி என்பதை நினைவுபடுத்துங்கள்.

மாட்டிய பின் சோதனை இப்படி: ஒருவர் கைப்பிடியை முழுதும் தள்ள, இன்னொருவர் எஞ்சின் பக்கம் பார்க்க வேண்டும். கார்புரேட்டரின் கை தன் நிறுத்தத்தில் இடித்த பிறகும் குமிழுக்கும் பலகைக்கும் இடையே எட்டில் ஒரு அங்குலம் மிச்சம் இருக்க வேண்டும். இழுக்கும் முனையிலும் அப்படியே. குமிழ் முதலில் பலகையில் இடித்தால் உங்களுக்கு முழுச் சக்தி கிடைக்கவில்லை என்று பொருள். ராட் எண்டை ஒரு சுற்றோ இரண்டு சுற்றோ திருகிச் சரிசெய்து, மரை போதுமான அளவு உள்ளே இருக்கிறதா என்று அதன் சோதனைத் துளை வழியாகப் பார்த்து, பூட்டு நட்டை இறுக்குங்கள்.

இன்னொன்றையும் அப்போதே பாருங்கள்: எஞ்சினுக்கும் விமான உடலுக்கும் இடையே தடித்த மின் இணைப்புப் பட்டை இறுக்கமாக இருக்கிறதா என்று. அது இல்லாவிட்டாலோ தளர்ந்திருந்தாலோ, ஸ்டார்ட்டர் இழுக்கும் பெரிய மின்னோட்டம் திரும்பிப் போக இந்தக் கேபிள்களின் எஃகையே வழியாக்கிக்கொள்ளும். குமிழ் திடீரென்று இறுகிப்போய், உறையின் பிளாஸ்டிக் உருகிய வாசனை வந்தால், கேபிளை மாற்றுவதற்கு முன் அந்தப் பட்டையை மாற்றுங்கள்.